பழைய கார் பெட்ரோல் டேங்க்: துரு எடுத்து சீலர் பூச 12 குறிப்புகள்

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஷெட்டில் பல ஆண்டுகள் நின்ற அதுபோன்ற பழைய வண்டியை மறுபடி ஓட்ட நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி, டேங்க்கின் அடியில் படிந்த துரு. புது டேங்க் தேடி அலைவதற்கு முன், இருப்பதைத் தேற்ற முடியுமா என்று பாருங்கள். துரு முழுவதும் போய், ஈரம் முழுவதும் காய்ந்தால்தான் சீலர் பிடிக்கும்.

1. ஃபில்டரில் செம்பழுப்புத் தூள் சேர்ந்துகொண்டே இருக்கிறதா? ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறுகிறதா? டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு தீராது.

2. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பைக்கூட எட்டிவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் வேலையைத் தொடங்குங்கள். நிறைந்த டேங்க்கைவிட, ஆவி மட்டும் மிஞ்சிய காலி டேங்க்தான் வெடிக்க வாய்ப்பு அதிகம்.

3. பழைய பெட்ரோலை மூடியுள்ள தகர கேனில் பிடித்து, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றவே கூடாது.

4. டேங்க்கை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, உறிஞ்சு குழாய், அதன் முனையில் உள்ள வலை ஆகியவற்றைக் கழற்றித் தனியே வையுங்கள். பழைய ரப்பர் வாஷர்களை மறுபடி போடாதீர்கள்.

5. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கி, பெட்ரோல் வாடை போகும்வரை நாலைந்து முறை அலசுங்கள். பிறகு அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகடு அமுங்கினால், அந்த டேங்க்குக்குச் செலவழிப்பது வீண்.

6. கெட்டியான துருவை உதிர்க்க, ஒரு கைப்பிடி நட்டுகளைத் தண்ணீரோடு உள்ளே போட்டு எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். தண்ணீர் இருந்தால் உரசலில் பொறி கிளம்பாது. போடும்போதே நட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே வரும்போதும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். சங்கிலி போட்டால் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் சிக்கிக்கொள்ளும்.

7. மிச்சத் துருவுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பே போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து, டேங்க்கை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். அரைகுறையாக நிரப்பினால் மேல்பாதியில் துரு அப்படியே இருக்கும். உள்ளே வாயு உண்டாகும் என்பதால் இறுக மூடாதீர்கள். பக்கத்தில் தீயும் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

8. கழிப்பறை ஆசிட்டை எடுக்காதீர்கள். அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். அதன் புகையால் பக்கத்தில் உள்ள ஸ்பானர்கள்கூடத் துருப்பிடிக்கும். எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் நச்சு வாயு வரும்.

9. கரைசலைக் கொட்டியதும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் அலசி, பின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வெறும் இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி செம்மை தட்டும். எனவே உடனே கொஞ்சம் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றி வடித்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு நல்ல வெயிலில் வாய் திறந்து காயவிடுங்கள். ஸ்பிரிட்டும் பற்றிக்கொள்ளும் என்பதால் ஹேர் டிரையர், ஹீட்டர் எதுவும் வேண்டாம். குச்சியில் கட்டிய வெள்ளைத் துணியால் மூலைகளைத் துடைத்து, ஈரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

10. ஊசித்துளையை சீலரே அடைத்துவிடும். அதைவிடப் பெரிய ஓட்டைக்கு, டேங்க் வேலையில் பழக்கமுள்ள ரேடியேட்டர் கடையில் ஈயப்பற்று வையுங்கள். வீட்டில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது.

11. இப்போது பங்க்குகளில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் டேங்க் சீலரையே வாங்குங்கள். இரண்டு டப்பா எபாக்சி என்றால், சொல்லியிருக்கும் விகிதத்தில் கலக்க வேண்டும். மிதவைத் துளையையும் குழாய்த் துளைகளையும் அடைத்துவிட்டு, சீலரை ஊற்றி டேங்க்கை மெதுவாக எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். மிஞ்சியதை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் தேங்கினால் பின்னாளில் தோலாக உரிந்து பெட்ரோல் வழியை அடைக்கும். மூச்சுக் குழாயில் காற்று போய்வருகிறதா என்றும் ஊதிப் பாருங்கள். டப்பாவில் சொன்ன நாள்கள் முடியும்வரை பெட்ரோல் ஊற்றக் கூடாது.

12. டேங்க்கை மாட்டும்போது புது ஃபில்டர், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், புது மூடி வாஷர் போடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழுவிவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் அந்த நீர் பிரிந்து அடியில் தங்கும். வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்க்கை நிரப்பி வையுங்கள். அவ்வப்போது ஓட்டிப் பெட்ரோலைத் தீர்த்து, புதிதாக ஊற்றுங்கள்.

இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது காயவைப்பதுதான். அதில் ஒரு நாள் கூடினாலும் நஷ்டமில்லை. ஈரத்தின் மேல் பூசிய சீலர் உரிந்துவிட்டால், அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம்.