உம்மாவின் காதும் தம்பியின் கண்ணும்

தொலைக்காட்சி நன்மையா, தீமையா என்ற விவாதத்தைத் தமிழ்த்தின மேடைகளில் நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஒரு தரப்பு அதனை அறிவுப் பெட்டகம் என்னும். மறு தரப்பு நஞ்சு என்னும். மணி அடித்ததும் இரு தரப்பும் அமர்ந்துவிடும். அந்தப் பெட்டியை வீட்டில் யார், எந்த நேரத்தில், எதற்காகப் போடுகிறார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் நான் அந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அதைப் போடுபவர் உம்மா. நேரம், அஸருக்குப் பின். காரணம், பாடசாலைச் சீருடைகள். உம்மா வீட்டிலிருந்தே தைப்பவர். தவணை தொடங்கும் காலங்களில் வெள்ளைத் துணி மெஷினைச் சுற்றி மலைபோல் குவிந்திருக்கும். வாப்பா கடை பூட்டி வர இரவு ஒன்பது மணியாகும். நான்கு வயதுத் தம்பி அந்தத் துணிக்குள் கத்தரிக்கோலைத் தேடாமல் இருக்க வேண்டுமென்றால் அவனுக்கு ஏதாவது வேண்டும். அந்த "ஏதாவது"தான் தொலைக்காட்சி.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது அது. பாடக்குறிப்புக்காக இதை வாசித்துக்கொண்டிருந்தபோது உம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "ஒரு மணித்தியாலம்னு சொல்றவங்க, மத்த மணித்தியாலத்துக்கு வந்து புள்ளயப் பார்த்துக்கொள்ளுவாங்களா மகள்?"

வழிகாட்டல் பிழையென்று நான் சொல்லவில்லை. ஆனால் உம்மாவின் கேள்விக்கு அதில் விடை இல்லை.

முன்பு இந்தச் சிக்கல் இந்த வடிவில் இருக்கவில்லை. இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஆரம்பமானது. ஜப்பானின் உதவியோடு அமைக்கப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் ஒரு தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருக்கும். சிங்களக் குரலோடு வந்த ஜப்பானியத் தொடரான "ஒஷின்" பற்றி எங்கள் உம்மும்மா இன்றும் கதைப்பார். அயல்வீட்டுப் பெண்களெல்லாம் பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தார்களாம். ஒருத்தி அழுதால் மற்றவள் ஆறுதல் சொல்வாளாம். அங்கே பிள்ளை தனியாக எதையும் பார்க்கவில்லை. பத்துப் பெரியவர்களுக்கு நடுவே இருந்துதான் பார்த்தது.

இன்று ஆளுக்கொரு கைபேசி. அதனால்தானோ என்னவோ, சாலையில் இருக்கும் பெரிய திரை எனக்கு இப்போது நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. அதில் ஓடுவது குசினி வரைக்கும் கேட்கும். காதில் மாட்டிய கைபேசியில் ஓடுவது யாருக்கும் கேட்காது.

கேட்பது என்றதும் தொடர் நாடகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் இவற்றைச் "சோப் ஒபெரா" என்பார்கள். 1930களில் அமெரிக்க வானொலியில் வீட்டுப் பெண்களுக்காக ஒலிபரப்பான நாடகங்களுக்குச் சவர்க்காரக் கம்பனிகள் அனுசரணை வழங்கியதால் வந்த பெயர் அது. வேலை செய்துகொண்டே கேட்பதற்காகப் பிறந்த வடிவம் இன்னும் மாறவில்லை. எங்கள் வீடுகளில் ஓடும் தென்னிந்தியத் தொடர்களை ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒன்றும் குறையாது. நடந்ததைப் பாத்திரங்களே வாயால் சொல்லிவிடும்; முக்கியமான இடத்தில் இசை இடிக்கும். உம்மா ஒரு கையின் நீளத்தைத் தைத்து முடிப்பதற்குள் கதை அரை அடிதான் நகர்ந்திருக்கும்.

ஆனால் உம்மா காதால் கேட்பதைத் தம்பி கண்ணால் பார்க்கிறான். மைனி பாலில் எதையோ கலப்பது உம்மாவுக்கு வெறும் இசை. அவனுக்கு அது ஒரு முகம், ஒரு கிண்ணம், ஒரு செய்முறை. இதைக் கவனித்த பிறகு, அவன் விழித்திருக்கும்வரை சாலையில் தொடர் போடுவதில்லை என்று உம்மா முடிவெடுத்தார். அதில் அவருக்குச் சின்னக் கவலைதான்.

அவனுடைய நிகழ்ச்சிகளுக்கு வருவோம். தமிழில் குரல் கொடுக்கப்பட்ட "டோரா" அவனுக்கு உயிர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆரம்பமான இந்தக் கார்ட்டூனில் ஒரு நுட்பம் உண்டு. டோரா பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பாள். பிறகு கண்ணை இமைத்துக்கொண்டு சில விநாடிகள் பேசாமல் நிற்பாள். பிள்ளை பதில் சொல்வதற்கான இடைவெளி அது. ஒரு நல்ல ஆசிரியையோ தாயோ செய்வதைப் பார்த்து எடுத்துக்கொண்ட உத்தி. தம்பியும் எழுந்து நின்று கத்திப் பதில் சொல்வான்.

ஒருநாள் அவன் நீலத்தைப் பச்சை என்றான். டோரா மகிழ்ச்சியோடு அவனைப் பாராட்டிவிட்டு மேலே நடந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும், கேட்கத் தெரியாது. அந்நேரம் மெஷினின் சத்தம் நின்றது. "தம்பி, அது பச்சயா? உன்ட சேர்ட் என்ன நிறம்?" என்று உம்மா குரல் கொடுத்தார். அவன் குனிந்து தன் சேர்ட்டைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். "நீலம்" என்றான். மெஷின் மறுபடி ஓடியது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இராது.

உம்மாவால் அவனருகே உட்கார முடியாது. காதை மட்டும் அங்கே வைத்திருக்க முடியும். 1969இல் அமெரிக்காவில் "செசமி ஸ்ட்ரீட்" என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தொடங்கியவர்கள், பெற்றோரும் கூட இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெரியவர்களுக்கான நகைச்சுவையையும் பிரபலங்களையும் அதில் சேர்த்தார்கள். பிள்ளையோடு ஒரு பெரியவரின் கவனமும் இருந்தால் கற்றல் கூடும் என்பது அவர்கள் கணிப்பு. உம்மா இதைப் படித்தவர் அல்லர். தம்பி தன்னை "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கியபோதே அவருக்கு விளங்கிவிட்டது, இந்தப் பெட்டி வீட்டுக்குள் இன்னொரு வீட்டைக் கொண்டுவருகிறதென்று. அவர் கோபப்படவில்லை. "யாருட அம்மா?" என்று கேட்டுவிட்டு, அவன் "உம்மா" என்னும்வரை திரும்பிப் பார்க்காமல் தைத்தார்.

திரைப்படம் வேறு விதமான தலையிடி. வெள்ளிக்கிழமைகளில் வாப்பா வீட்டில் இருந்தால் எல்லோரும் கூடிப் பார்க்க ஆசை. இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படத்தில் ரிமோட் அவர் கையை விட்டு இறங்காது. பாட்டு வந்தால் செய்தி, குத்து வெட்டு வந்தால் கிரிக்கெட். படத்தைவிடச் செய்தியைத்தான் அதிகம் பார்ப்போம்.

ரிமோட்டை யாரும் தொடாமல் நாங்கள் பார்த்து முடித்த படம் ஒன்று உண்டு. ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் "சில்ட்ரன் ஒஃப் ஹெவன்". 1997இல் வெளிவந்து, ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம். ஒன்றரை மணித்தியாலம்தான். தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தொலைத்துவிடும் அலி, தன் ஒரே சோடிச் சப்பாத்தை அவளோடு மாறி மாறி அணிந்து பாடசாலைக்கு ஓடுவதுதான் கதை. ஆங்கில எழுத்துகளை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒரு காட்சியில் வாப்பா பள்ளிவாசலுக்குரிய சீனிக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருப்பார். தேநீருக்குச் சீனி கேட்பார். முன்னால் ஒரு குவியலே இருக்க, அது பள்ளிக்குரியது என்று சொல்லி, வீட்டுச் சீனியைக் கொண்டுவரச் சொல்வார். "அமானிதம்" என்று எங்கள் வாப்பா ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு யாரும் பேசவில்லை.

உம்மா அன்றும் சும்மா இருக்கவில்லை. மடியில் வெள்ளைச் சேர்ட்டுகளை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஓட்டப் போட்டியில் மூன்றாமிடப் பரிசாகிய சப்பாத்துக்காக ஓடிய அலி முதலிடம் வந்து அழுதபோது தம்பியும் அழத் தொடங்கினான். ஸஹ்ராவுக்குச் சப்பாத்து இல்லையே என்று ஒரே பிடிவாதம். நானும் வாப்பாவும் எவ்வளவோ சமாதானம் சொன்னோம்.

உம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு ரிமோட்டை வாங்கினார். சற்றுப் பின்னால் போய் நிறுத்தினார். அலியின் வாப்பா சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். சைக்கிளின் பின்னால் இரண்டு சோடிப் புதிய சப்பாத்துகள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மூவரில் ஒருவரும் அதைக் கண்டிருக்கவில்லை. தம்பி கிட்டப் போய், விரலால் தொட்டு, ஒவ்வொரு சப்பாத்தாக எண்ணினான்.