இதயத்தில் வைத்த கருவியும் இரத்தக் கட்டியும்

இதயத்தில் கருவி வைத்துக்கொண்டவர் என்றாலே "பேஸ்மேக்கரா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். என் அண்ணனுக்கு 2022 டிசம்பரில் வைத்தது அதுவன்று. அந்தக் கருவியைப் பற்றி அறிந்தவர் நம்மிடையே குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அப்படியிருந்தும் என் குடும்பத்திலேயே நடந்த ஒரு தவற்றை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. அதனால்தான் இவ்வாண்டு மலருக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். வயது ஏற ஏறச் சிலருக்கு அவை சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். இதனை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பர். நாடியைத் தொட்டால் தாளம் தப்பிய மத்தளம் போலிருக்கும். வலியோ மயக்கமோ இன்றி ஆண்டுக்கணக்கில் இந்நோயுடன் நடமாடுவோரும் உண்டு.

இதில் பெரிதும் அஞ்ச வேண்டியது இரத்தம் தேங்குவதைத்தான். இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில், காதுமடல் போன்ற ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை நடுங்கும்போது அந்தப் பையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்து மக்களைப் பல்லாண்டு கண்காணித்த ஆய்வு, இந்நோய் உள்ளவர்க்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு என்று 1991-இல் தெரிவித்தது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களின் இடது மேலறையில் காணப்பட்ட கட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் இருந்தன என்று 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான் இதற்குப் பொதுவான மருந்து. அண்ணனுக்கோ அம்மாத்திரையால் இரண்டு முறை குடலில் இரத்தக் கசிவு ஏற்பட்டுவிட்டது. அதன் பிறகுதான் மருத்துவர் அந்தப் பையின் வாயையே அடைத்துவிடலாம் என்றார். தொடையில் உள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு, மடக்கிய குடை போன்ற கருவியைப் பைக்குள் விரித்துவிடுவார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கூடு. அதன் மேல் நெய்த துணி. அகலம் ஏறக்குறைய ஒரு வெள்ளி நாணயம் இருக்கும். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. அண்ணன் மறுநாளே வீடு திரும்பிவிட்டார்.

இனிச் சொல்வதை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். இரத்தக் கட்டியைத் தடுக்க வைத்த அந்தக் கருவியின் மேலேயே இரத்தக் கட்டி உண்டாகலாம். உலோகமும் துணியும் உடலுக்கு அந்நியப் பொருள்கள். அந்நியப் பொருளைக் கண்டால் உறைவது இரத்தத்தின் இயல்பு. நாளடைவில் நம் உடல் தன் சொந்தச் சவ்வை வளர்த்துக் கருவியை மூடிவிடும். அதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். இந்த இடைக்காலத்தைக் கடப்பதற்காகத்தான் மாத்திரை கொடுக்கிறார்கள். சிலருக்கு இரத்த உறைவுத் தடுப்பு மருந்தும், அண்ணனைப் போன்றோர்க்கு ஆஸ்பிரினும் குளோப்பிடோகிரலும் சேர்ந்தும் தரப்படும்.

இக்கருவி பொருத்தப்பட்ட 1,739 பேரைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வில் 65 பேருக்குக் கருவியின் மேல் கட்டி காணப்பட்டது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்த 65 பேரிலும் நான்கில் மூன்று பங்கினர்க்குப் பக்கவாதம் போன்ற கேடு எதுவும் வரவில்லை. ஆனால் கட்டி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு அபாயம் பல மடங்கு கூடுதல். முன்பே பக்கவாதம் கண்டவர்கள், மேலறை நடுக்கம் நிரந்தரமாகிவிட்டவர்கள், இதயத்தின் தள்ளும் வலு குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கட்டி உண்டாகும் வாய்ப்பு அதிகம் என்றும் அந்த ஆய்வு கூறியது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். ஜனவரியில் அவர் தைப்பூசத்திற்கு மூன்று வாரம் விரதம் இருந்தார். ஒருவேளை உணவுதான். வெறும் வயிற்றில் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று இரண்டையுமே நிறுத்திவிட்டார். அண்ணி கேட்டதற்கு, "ஓட்டையைத்தான் அடைச்சாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றாராம். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. தைப்பூசத்திற்கு மறு வாரம், உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கி எடுக்கும் ஒலியலைப் படத்தில், குடையின் நடுவே ஒரு கட்டி தெரிந்தது. மாத்திரையை விட்டதால்தான் அது வந்தது என்று உறுதியாகச் சொல்ல மருத்துவருக்கும் இயலவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுவோர்க்கும் வருவதுண்டு. ஆனால் அந்தப் படம் எடுக்காதிருந்தால் கட்டி இருப்பதே தெரிந்திராது. அது வலிக்காது, படபடப்பும் தராது.

குடலில் கசிந்த அனுபவம் உள்ளவருக்கு மீண்டும் உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பதென்றால் கயிற்றின் மேல் நடப்பதுதான். அடிக்கடி இரத்தப் பரிசோதனை, வயிற்றுக்குப் பாதுகாப்பு மருந்து, அண்ணி உறக்கமின்றிக் கழித்த இரவுகள். மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் கட்டி கரைந்திருந்தது.

விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். மாத்திரையை அந்த ஒருவேளை உணவோடு மாற்றியமைக்க இயலுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பல் பிடுங்கப் போனாலும் கருவியைப் பற்றிய அட்டையைக் காட்டுங்கள். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் காத்திருக்காமல் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள்.

அண்ணனுக்கு இப்போது தினமும் ஓர் ஆஸ்பிரின் மட்டும். பசியாறியதும் அண்ணி அதைக் கையில் வைத்து, விழுங்கும் வரை எதிரிலேயே நிற்கிறார். மறு ஆண்டுத் தைப்பூச விரதத்திலும் அப்படித்தான் நின்றார். ஒரே மாற்றம், நேரம் நண்பகல்.