பக்கத்துத் தூண்டில்காரர்

அன்புள்ள முகிலனுக்கு,

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு உன் அப்பா ரீல் வைத்த தூண்டில் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று அத்தை சொன்னாள். முள் கட்டுவது, ஈயம் கோப்பது, ரீலைச் சிக்காமல் சுற்றுவது எல்லாவற்றையும் யூடியூபில் பார்த்தே படித்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏற்கெனவே கூட்டமாக உட்கார்ந்திருக்கிற ஒரு கரையில், யாருடைய வாயிலும் விழாமல் எப்படி இடம் பிடிப்பது என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றி.

திருச்சியில் தூண்டில் போட இடநெருக்கடி என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் காவிரி மட்டுமே அரைக் கிலோமீட்டர் அகலம் இருக்கும். இது போதாதென்று ஊருக்குள்ளே உய்யக்கொண்டான் வேறு ஓடுகிறது. பிறகு நெருக்கடி எங்கிருந்து வந்தது?

தண்ணீரிலிருந்துதான் வந்தது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மூடிய சில வாரங்களில் நம் ஆறு மணல்வெளியாகிவிடும். மிச்சத் தண்ணீர் ஆங்காங்கே மடுக்களில் நிற்கும். மீனும் அங்கேதான் ஒதுங்கும், மீனைத் தேடுகிற மனிதர்களும் அங்கேதான் கூடுவார்கள். இது கோடைக் கூட்டம். இன்னொரு கூட்டம் புதுத்தண்ணீரோடு வரும். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள், கல்லணையை 27ஆம் தேதி திறந்தார்கள். தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஏறிக்கொண்டே வந்து அணையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டியதிலிருந்து நடக்கிற கதை இது. கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறி வந்த உல்லம் மீனுக்கு அணைகள் வழியை அடைத்துவிட்டன. கெண்டைக்கு அந்த அளவு துயரம் இல்லை, ஆனால் அதுவும் மதகுக்குக் கீழே குவிகிறது. அரைக் கிலோமீட்டர் ஆறு இருந்தும் அத்தனை தூண்டிலும் ஐம்பது அடிக்குள் விழுவதற்குக் காரணம் அதுதான்.

இந்த ஐம்பது அடிக்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. வழக்கம் உண்டு.

முதலில் வந்தவர் உட்கார்ந்த இடம் அவருடையது. ஆறு யாருக்கும் சொந்தமில்லையே என்று நீ கேட்கலாம். ஆறு சொந்தமில்லைதான், ஆனால் அவர் விடிவதற்கு முன்பே வந்து தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்து உருண்டை பிடித்து அந்த இடத்தில் போட்டிருப்பார். மீன் அங்கே மேய்வது அவர் செலவில். ஏழு மணிக்கு வந்து அவர் தக்கைக்குப் பக்கத்தில் உன் தக்கையைப் போடுவது, அடுத்தவர் பந்தியில் இலை போட்டு உட்காருவதற்குச் சமம். அதனால் தூண்டிலைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் பேச்சை எடு. "அண்ணே, இந்தப் பக்கம் போடலாமா?" போதும். வயதானவராக இருந்தால் "ஐயா" என்று சொல். பத்தில் ஒன்பது பேர் "போடு தம்பி" என்பார்கள். அதோடு எந்த ஆழத்தில் கடிக்கிறது, புழுவா மாவா என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். பத்தாவது ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நகர்ந்து போய்விடு. அவரோடு வாதாடி ஜெயித்தாலும் காலை முழுதும் அவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்க வேண்டும்!

எவ்வளவு தள்ளி உட்காருவது? இரண்டு பேரும் கம்பைப் பக்கவாட்டில் நீட்டினால் நுனிகள் தொடக் கூடாது, இது மடுவுக்குக் கணக்கு. ஓடுகிற தண்ணீரில் இந்தக் கணக்கு உதவாது, அங்கே பார்க்க வேண்டியது ஈயத்தின் எடை. லேசான ஈயம் கட்டியிருந்தால் உன் நரம்பை ஓட்டம் இழுத்துக்கொண்டுபோய்க் கீழே இருப்பவரின் நரம்பில் சுற்றிவிடும். அவர் கட்டியிருக்கிற அளவுக்கு நீயும் ஈயம் கட்டு. அவ்வளவு ஈயம் கையில் இல்லையென்றால் வரிசையின் கீழ்க்கோடிக்குப் போய்விடு. அங்கிருந்து நரம்பு எங்கே போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் மேல்கோடியில் போய் நிற்பதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது. மதகுக்குப் பக்கத்தில் மீன் அதிகம் என்ற ஆசை. அந்த ஆசையால் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் சிக்கல்.

அலாஸ்காவில் ரஷ்யன் ரிவர் என்று ஓர் ஆறு இருக்கிறது. கோடையில் சாக்கை சால்மன் ஏறும் காலத்தில் அங்கே தோளோடு தோள் உரசி நிற்பார்கள். அந்த ஊர்க்காரர்களே அதற்குச் 'சண்டை மீன்பிடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் சண்டை. ஒருவருக்கு மீன் மாட்டியதும் அவர் உரக்கக் கத்துவார். உடனே இரண்டு பக்கமும் இருப்பவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டி மேலே எடுத்துவிடுவார்கள். மீனைக் கரையேற்றும் வரை யாரும் போட மாட்டார்கள். நம் ஊரிலும் இது வேண்டும். நல்ல வாளை ஒன்று மாட்டினால் நேராகவா வரும்? குறுக்கே ஓடி நாலு பேர் நரம்பைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். "மாட்டிருச்சு!" என்று நீ கத்து. பக்கத்தில் யாராவது கத்தினால் உன் நரம்பைத் தூக்கு. சிக்கிக்கொண்டால் கத்தரிக்க வேண்டியது உன் நரம்பை, மீன் மாட்டியிருக்கிறவருடைய நரம்பை அல்ல. ஒரு முள்ளும் இரண்டு முழம் நரம்பும் போனால் என்ன, சில ரூபாய்.

கனடாவின் மேற்குக் கரையிலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் ஆறுகளில் வேறொரு ஏற்பாடு. ஒருமுறை வீசிவிட்டு ஓரடி கீழே இறங்கி நிற்பார்கள், மறுபடி வீசிவிட்டு இன்னோரடி. மடுவின் கடைசிக்கு வந்ததும் கரையேறி வரிசையின் தலைப்புக்குப் போவார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒரு தடவை கிடைத்துவிடும். டெல்டா பிள்ளையான உனக்கு இது புதிதாக இருக்காது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் கல்லணையிலிருந்து காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? ஆனால் உட்கார்ந்து இரை போட்டுக் காத்திருக்கிற நம் பாணிக்கு ஓரடி ஓரடியாக நகர்வது சரிப்படாது. அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். குழம்புக்குப் போதுமான மீன் கிடைத்துவிட்டதென்றால், பின்னால் ஒரு சிறுவன் வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறான் என்றால், எழுந்து இடத்தைக் கொடு.

கூட்டத்தோடு மீன் பிடிக்கிற கலையை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் அலாஸ்கா போக வேண்டியதில்லை. கோடையில் துவரங்குறிச்சிப் பக்கமோ, அதைத் தாண்டிப் பொன்னமராவதி, சிங்கம்புணரி, மேலூர்ப் பக்கமோ போனால் மீன்பிடித் திருவிழா பார்க்கலாம். அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் வற்றும் சமயத்தில் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்து அறிவிப்பார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து இருட்டோடு புறப்பட்டு வந்து நூற்றுக்கணக்கில், சில ஊர்களில் ஆயிரக்கணக்கில், கரையில் நிற்பார்கள். ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒன்றுமே இல்லாதவர்கள் பழைய சேலை. கண்ணெதிரே மீன் துள்ளினாலும் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான், மொத்தக் கரையும் ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்கிவிடும்.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த, கீழே அகன்று மேலே குறுகிய கூடை. கலங்கிய தண்ணீரில் அதைச் சேற்றோடு அழுத்துவார்கள். உள்ளே மீன் முட்டுகிற அதிர்வு கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு விராலையோ கெளுத்தியையோ பிடித்து எடுப்பார்கள். உன் ஊத்தாவுக்கும் அடுத்தவர் ஊத்தாவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. விரட்டிக்கொண்டு வந்தது நீயாக இருந்தாலும் மீன் எந்த ஊத்தாவுக்குள் மாட்டியதோ அவருக்குத்தான். அத்தனை நெருக்கத்திலும் இந்த ஒரு விதி எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் பெரும்பாலும் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும். பிடித்ததை விற்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் ஒரே வாசனை.

ஆற்றங்கரை வழக்கமும் கண்மாய் வழக்கமும் நேர் எதிரானவை என்பதைக் கவனி. ஆற்றில் முந்தி வந்தவருக்கு உரிமை. கண்மாயில் முந்தி வந்தவருக்கு எந்தச் சலுகையும் இல்லை, துண்டு வீசும்வரை எல்லோரும் ஒன்று. கண்மாய் ஒரே நாளில் முடிந்துவிடும், அதைக் காவல் காத்த ஊரும் அங்கேயே நிற்கிறது. ஆறு தினமும் ஓடுகிறது, துண்டு வீச அங்கே யாரும் கிடையாது. அதனால் ஆற்றங்கரையில் அந்தப் பெரியவரின் வேலையையும் தூண்டில் போடுகிறவனே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தூண்டில்காரர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் போதாது. பரிசலில் போய் வலை விரிக்கிறவர்களுக்கு மீன் பொழுதுபோக்கு இல்லை. வரிசையாக மிதக்கிற கட்டையோ காலி பாட்டிலோ தெரிந்தால் கீழே வலை இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கம் வீசாதே. உன் முள் மாட்டிக் கிழிந்த வலையைத் தைக்க அவருக்கு அரை நாள் போகும். சில இடங்களில் மீன்பிடிக் குத்தகை இருக்கும், யாராவது வந்து சொன்னால் மரியாதையாக எழுந்துவிடு. அம்மா மண்டபம், கீதாபுரம், தென்கரையில் ஓடத்துறை, அய்யாளம்மன் படித்துறை போன்ற இடங்களில் தூண்டிலை எடுக்கவே வேண்டாம். ஆடிப்பெருக்கும் அமாவாசையும் வந்தால் அம்மா மண்டபத்தில் நிற்க இடமிருக்காது, எல்லோரும் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். படியிடுக்கில் கிடக்கிற ஒரு முள், தர்ப்பணம் கொடுக்க வந்த யாரோ ஒரு பாட்டியின் காலில் ஏறும். அறுந்த நரம்பையும் கரையில் போடாதே. கொக்கின் காலில் சுற்றினால் அது தானாகக் கழற்றிக்கொள்ள முடியாது. சட்டைப் பையில் சுருட்டிவைத்து வீட்டுக் குப்பையில் போடு.

மருந்து கலக்கிப் பிடிப்பது, வெடி போடுவது இரண்டையும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. மேலே ஒருவன் மருந்து கலந்தால் கீழே நாள் முழுதும் காத்திருந்த அத்தனை பேரும் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். நாளைக்கு வருகிறவர்களுக்கும் குஞ்சு இருக்காது. அதே காரணத்துக்காக, புதுத்தண்ணீர்க் காலத்தில் வயிறு பெருத்த சினைக்கெண்டை மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து விட்டுவிடு. ஜிலேபிக்கு மட்டும் இந்தத் தயவு தேவையில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. முட்டையை வாயிலேயே வைத்து அடைகாத்து, நம் கெண்டைகளின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. எத்தனை வேண்டுமானாலும் பிடி, அத்தை வறுத்துத் தருவாள்.

மீனை மறந்துவிட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. காவிரியில் வெள்ளம் மிஞ்சினால் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பக்கம் திருப்பிவிடுவார்கள். காலையில் மணலாகக் கிடந்த இடத்தில் மதியம் கழுத்தளவு ஓடும். 2018 ஆகஸ்டில் அப்படி ஓடிய வெள்ளத்தில்தான் 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அந்த மாதம் 22ஆம் தேதி இரவு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. வெள்ள எச்சரிக்கை வந்த நாளில் ஆற்றுக்குப் போகாதே. திட்டில் உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் நிறம் மாறி நுரையும் குப்பையும் மிதந்து வந்தால், முதலில் எழுந்து "தண்ணி வருது!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்து. அப்புறம் தூண்டிலைச் சுருட்டலாம். மதகை ஒட்டி நிற்காதே, நீர்வளத் துறை ஆட்கள் போகச் சொன்னால் காரணம் கேட்காமல் போய்விடு.

அடுத்த மாதம் தண்ணீர் திறந்தால் முதல் இரண்டு நாள் பொறுத்துக்கொள், ஒரே கலங்கலும் குப்பையுமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் சாயங்காலம் போ. கூட்டம் குறைவாக இருக்கும்போது பழகுவது எளிது, அனுபவசாலிகளும் பேச நேரம் தருவார்கள். பையில் ஒரு சின்னக் கத்தரியும் நாலு முள்ளும் கூடுதலாக இருக்கட்டும். மண்புழுவைத் தேவைக்கு மேலேயே தோண்டி எடுத்துப் போ, பக்கத்தில் இருப்பவருக்குத் தீர்ந்துபோனால் கொடுக்கலாம். போனில் பாட்டுக் கேட்பதானால் காதில் மாட்டிக்கொண்டு கேள்.

அன்புடன்,
மாமா