பணம் வாங்கப் பின் எதற்கு?

கேள்வி: தக்காளிக்கு அட்வான்ஸ் தருவதாகச் சொன்னவர் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போட்டேன். பணம் போய்விட்டது. வங்கி தருமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பணம் அடுத்த கணக்கில் கிடக்கும்போதே முடக்கினால்தான் உண்டு. பிறகு வங்கியில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பல கிளைகளில் கேட்காமல் கிடைக்காது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் பணம் திருடுபோய், 3 வேலைநாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை. ஆனால் பின்னை நீங்களே போட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். கவனக்குறைவு என்றாலும், புகாருக்குப் பிறகு திருட்டுப்போவது வங்கியின் பொறுப்பு. யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. மண்டியில் தராசு முள்ளை விடாமல் பார்க்கிறவர்கள்கூட இதில்தான் ஏமாறுகிறார்கள்.