கித்தாரும் தமிழ்ச் சொல்லும்

தாமே பாட்டெழுதித் தாமே கித்தார் மீட்டிப் பாடும் விருப்பம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. வரவேற்கத்தக்க விருப்பமே அது. ஆயின், கித்தார் பழக்குவோர் விரல் வைக்கும் முறையைச் சொல்லித் தருகின்றனரேயன்றித் தமிழ்ச் சொல்லை மெட்டில் ஏற்றும் முறையைச் சொல்லித் தருவதில்லை. அது தமிழாசிரியன் கடனென்று கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

முதலிற் கருவியைப்பற்றிச் சில சொற்கள். கித்தாருக்குத் தந்திகள் ஆறு. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள் ஒவ்வொன்றும் அரைச்சுரம் உயர்த்தும். பன்னிரண்டு கடந்தால் மேற்றாயி. வீணையில் இக்கட்டைகளுக்கு மெட்டு என்றே பெயர். பாட்டின் நடைக்கும் மெட்டென்றே பெயர் வழங்குதல் ஓர் இனிய பொருத்தம்.

தொடக்க மாணவனுக்கு ஜி, சி, டி என்னும் மூன்று சுரக்கூட்டுக்கள் போதும். இவற்றைக் 'கோட்' என்பர் இளைஞர். ஜியைச் சட்சமாகக் கொண்டால் முதலாவது ச, க, ப. இரண்டாவது ம, த, ச. மூன்றாவது ப, நி, ரி. சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் இம்மூன்றினுள் அடங்கிவிடுகின்றன. ஆதலின் அவ்விராகத்திலோ, ஐந்தே சுரமுடைய மோகனத்திலோ அமைந்த எளிய மெட்டு எதற்கும் இவை துணை நிற்கும். சங்கீத வகுப்பில் மாயாமாளவகௌளையிற் சரளிவரிசை பாடிப் பழகிய மாணவன் அதே குரலில் இக்கூட்டுக்களோடு சேர்ந்து பாடினால், அவனது சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் முட்டிக்கொள்ளும். குற்றம் கருவியினதன்று, இராகம் வேறு.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

மாணவன் ஒருவன் தன் அன்னையைப்பற்றிப் பாட்டொன்று எழுதிவந்தான். அன்னை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவரைச் சபையில் முன்வரிசையில் இருத்திப் பாடவேண்டும் என்பது அவன் ஆசை. 'மலையிலே மழை பெய்யுது' என்று அடி தொடங்கியது. மெட்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் 'மலை', 'மழை' என்னும் இரு சொற்களின் தலையெழுத்தும் நீண்ட சுரத்தில் விழுந்தன. பாடக் கேட்டபோது 'மாலையிலே மாழை பெய்யுது' என்றே ஒலித்தது. மாழையென்றால் பொன். தோட்டத்தில் மாலைதோறும் பொன்மாரி பொழிவதாக யாரேனும் விளங்கிக்கொண்டிருந்தால் அவர்மீது பிழை சொல்ல இயலாது!

பிறமொழிகள் பலவற்றில் உயிரை நீட்டினாற் சொல் மாறுவதில்லை. தமிழில் மாறும். படம் பாடமாகும், விடு வீடாகும், கொடு கோடாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கீழ்வகுப்பிற் படித்த கணக்கு இங்கேதான் உயிர்பெறுகின்றது.

நீட்டத் தகுந்தவை எவை? நெடில் ஏழும் நீளும், அதுவே உயிரளபெடை. குறிலை நீட்டாமல், அதன்பின் வரும் மெய்யை நீட்டலாம், அது ஒற்றளபெடை. ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள என்னும் பத்து மெய்களோடு ஆய்தமும் இவ்வாறு நீளும் என்பது நன்னூலார் கொள்கை. வல்லின மெய்யோ மூச்சை அடைத்துவிடும்; அதில் எவரும் நின்று பாட முடியாது. பரீட்சைக்கென்று மனனஞ்செய்த இவ்விதி இசைவாணனுக்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகின்றதன்றோ?

ஈழத்துப் பொப்பிசையில் இதற்குச் சான்றுண்டு. நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற பாட்டின் பெயர் 'சின்ன மாமியே'. முதற்சொல்லில் 'ன்' நீளும். அடுத்ததில் 'மா' நீளும். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யிலும் நெடிலாகிய 'ரா'வும் மெல்லினமாகிய 'ங்'கும் அடுத்தடுத்து நிற்கின்றன. பேச்சுத்தமிழ் அங்கே கித்தாரோடு மல்லுக்கு நிற்பதில்லை. நம் தாலாட்டின் 'ஆராரோ'வும் நெடில்களாலேயே ஆயது. குழந்தையை உறங்கவைக்கும் தாய்க்கு நன்னூல் தேவைப்படவில்லை. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்துத் தந்த ஸி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) தொகுப்பை எடுத்து, தெம்மாங்கு அடிகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது கித்தார் பழகும் மாணவனுக்கு நல்ல பயிற்சியாகும்.

மேற்சொன்ன மாணவன் மெட்டை மாற்றவில்லை, சொல்லை மாற்றினான். 'எங்கள் மலையிலே இன்ப மழை' என்றான். இப்பொழுது நீட்டம் 'ங்', 'ன்' என்னும் மெல்லினங்களில் விழுந்தது. மலை மலையாகவே நின்றது. ஆயினும், நனைந்துகொண்டே கொழுந்து பறிப்பவருக்கு மழை எங்ஙனம் இன்பமாகும் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு 'எங்கள் மலையிலே என்றும் மழை' என்று எழுதினான். ஓசையும் கெடவில்லை, பொருளும் உண்மையாயிற்று.

தாளத்தைக் குறித்து ஒன்றே சொல்வேன். கித்தாரைத் தொடுமுன் பாட்டை உரைநடைபோல் உரக்கப் படித்து, கை எங்கே தானாகத் தட்டுகின்றது என்று கவனிக்க வேண்டும். மும்மூன்றாகத் தட்டினால் அது கும்மியின் நடை, நந்நான்காயின் வேறு. சிங்கள பைலாவின் ஆறெண்ணிக்கை கும்மியின் மூன்றோடு எளிதில் இணங்கும். கண்டியிற் பைலா கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. சுரக்கூட்டை மாற்றுவதும் தட்டு விழும் இடத்திலேயே அமைதல் நன்று. சொல்லின் நடுவே மாற்றினால் சொல் இரண்டாக முறியும்.

பயிற்சிக்காக அம்மாணவனின் சரண அடி ஒன்றைத் தருகின்றேன்: 'கொழுந்து நிறைந்தது கூடையிலே, குளிரும் நிறைந்தது நெஞ்சினிலே.' மெட்டு முன்னையதே. ஒவ்வோர் அரையடியும் நீண்ட சுரத்திலே தொடங்கும். 'கொழுந்து' எவ்வாறு ஒலிக்குமென்று பாடிப்பார்த்து, பொருள் கெடாமல் அடியைத் திருத்துக.