புராஸ்டேட் புற்றுநோயும் ஆராய்ச்சிக்கூட மாதிரிகளும்

ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறு சுரப்பி புராஸ்டேட் எனப்படும். இதில் தோன்றும் புற்றுநோய்க்கு ஒரு புதிய மருந்தை நேராக நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தல் தகாது. ஆகையால் நோயின் சாயலை ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டாக்கி, முதலில் அதன்மீது மருந்தைச் சோதிக்கின்றனர். இச்சாயலே 'மாதிரி' எனப்படும்.

நாய்கள்

மனிதனைத் தவிர, இந்நோய் இயற்கையாகக் காணப்படும் பிராணிகளுள் நாய் முக்கியமானது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் நாய்களின் புராஸ்டேட் சுரப்பியை ஆராய்ந்து, அது ஆண் ஹார்மோனைச் சார்ந்தே இயங்குகிறது எனக் கண்டார். விரைகளை அகற்றினால் பரவிய புற்றுநோயும் தணிகிறது என்பதை அவரும் அவருடைய துணைவரும் 1941-ல் நோயாளிகளிடம் காட்டினர். இத்துறைப் பணிக்காக ஹக்கின்ஸ் 1966-ல் நோபல் பரிசு பெற்றார்.

உயிரணு வரிசைகள்

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஊட்ட நீரில் இடைவிடாது வளர்த்தால் ஓர் உயிரணு வரிசை கிடைக்கும். எலும்பிற் பரவிய கட்டியிலிருந்து பி.சி.-3 வரிசையும், நிணநீர்க் கணுவிற் பரவிய கட்டியிலிருந்து எல்.என்.கேப் வரிசையும் உண்டாயின. பின்னது ஆண் ஹார்மோனுக்கு இணங்கி வளரும். முன்னது அதனைப் பொருட்படுத்தாது. எனவே ஹார்மோனைத் தடுக்கும் மருந்தை பி.சி.-3-இல் மட்டும் சோதிப்பவர் பிழையான முடிவிற்கே வருவார்.

ஹார்மோன் உயிரணுவினுள் 'ஏற்பி' என்னும் புரதத்துடன் இணைந்தே வேலை செய்கிறது. எல்.என்.கேப் உயிரணுக்களின் ஏற்பியில் ஒரு சிறு மாறுதல் உள்ளதென 1990-ல் தெரியவந்தது. அம்மாறுதலால், ஹார்மோனைத் தடுக்க வேண்டிய ஃபுளூட்டமைடு மருந்தே அவ்வுயிரணுக்களின் வளர்ச்சியைத் தூண்டிற்று. இது கண்ணாடிக் கலத்தின் விந்தையாக மட்டும் நிற்கவில்லை. அம்மருந்தை நிறுத்தியவுடன் சில நோயாளிகளின் நிலை சீரடைந்ததை 1993-ல் மருத்துவர்கள் வெளியிட்டனர். அதே மாறுதல் பிற்பாடு நோயாளிகள் சிலரின் கட்டிகளிலும் காணப்பட்டது. பின்னர், ஏற்பியை மிகுதியாக உண்டாக்கும் எல்.என்.கேப் உயிரணுக்களிற் சோதித்துத் தேர்ந்த என்சலூட்டமைடு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சுண்டெலிகள்

சுண்டெலிகளுக்கு இந்நோய் இயற்கையாக வருவதில்லை. எனவே தற்காப்பாற்றல் குன்றிய சுண்டெலிகளில் மனிதக் கட்டியை நட்டு வளர்க்கின்றனர். ஆயின், உடலின் தற்காப்பைத் தூண்டும் மருந்துகளைச் சோதிக்க இவை உதவா. ஜீன்களை மாற்றி நோயுண்டாக்கிய சுண்டெலிகள் 1995 முதல் அக்குறையை ஓரளவு நீக்கின.

நினைவிற்கொள்ள வேண்டியது

புராஸ்டேட் உயிரணுவென நம்பப்பட்ட டி.எஸ்.யு.-பி.ஆர்.1 வரிசை, உண்மையில் மூத்திரப்பைக் கட்டியைச் சார்ந்ததென 2001-ல் வெளிப்பட்டது. அதுவரை அதனைக் கொண்டு செய்த சோதனைகளின் பொருளே மாறிவிட்டது. ஆகவே மருந்துச் செய்தி எதனைப் படித்தாலும், "எந்த மாதிரியில் சோதித்தனர்? அம்மாதிரி நோயின் எந்தக் கூறைக் காட்டுகிறது?" என்னும் இரு வினாக்களை மாணவர் முதலில் எழுப்பப் பழகுதல் வேண்டும்.