கணக்கும் வேண்டும், தமிழும் வேண்டும் என்பவருக்கு

பிளஸ் டூவில் கணக்கு குரூப் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை தமிழ் இலக்கியமும் படிக்க ஆசைப்பட்டால், "ஏதாவது ஒன்றைப் படி" என்பதுதான் வீட்டில் கிடைக்கும் பதில். இரண்டையும் படிக்கலாம். எதை எங்கே, எப்போது படிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

செலவில்லாத வழி, பி.எஸ்ஸி. கணிதத்திலேயே பகுதி ஒன்றாக வரும் தமிழ். பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் நான்கு பருவங்கள். தேர்ச்சிக்காக மட்டும் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. யாப்பை ரசித்து நடத்தும் ஆசிரியர் அமைந்துவிட்டால் கதையே வேறு. நேர், நிரை என அசைகள் இரண்டே என்பதால், ஓரசைச் சீர் 2, ஈரசை 4, மூவசை 8, நாலசை 16 என்று சீர்கள் இரண்டின் அடுக்குகளாகவே பெருகுகின்றன. குறள் வெண்பாவுக்கு ஏழு சீர். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றில் ஒன்று. மற்ற ஆறும் ஈரசைச் சீராகவோ (நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்), நேரில் முடியும் மூவசையான காய்ச்சீராகவோதான் வரும். ஆக, முதல் சீருக்கு 8 வாய்ப்பு. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்ற விதி அடுத்த சீரின் முதலசையைக் கட்டிவிடுவதால், பின்வரும் ஐந்துக்கும் தலா 4. ஈற்றுச் சீருக்கு 2. பெருக்கினால் 16,384. வள்ளுவர் பாடியவை 1,330. இத்தனை வரிசைகளில் எவற்றை அவர் அடிக்கடி நாடினார் என்று தேடப் புகுந்த மாணவரிடம், படிப்பது கணக்கா தமிழா என்று கேட்டுப் பயனில்லை.

அடுத்தது இரட்டைப் பட்டம். ஒரே காலத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. ஒன்று நேரடியாக, மற்றது தொலைநிலையில் என்றும் படிக்கலாம். நேரடியாகச் சேர வேண்டியது கணிதத்தில் என்பேன். நாம் எழுதிய நிரூபணம் எந்த வரியில் உடைகிறது என்று காட்ட எதிரே ஓர் ஆள் வேண்டும். கம்பனை உரையோடு வீட்டில் படித்துவிடலாம். (தமிழாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) தொலைநிலைப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான அங்கீகாரம் உண்டா, மாற்றுச் சான்றிதழின் அசலைக் கேட்பார்களா, இரு தேர்வும் ஒரே நாளில் வந்தால் என்ன வழி என்பதையெல்லாம் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

பி.எஸ்ஸி. முடித்து எம்.ஏ. தமிழுக்குப் போவது மூன்றாவது வழி. நெட் தேர்வு முதுகலைப் பாடத்தைத்தான் பார்க்கிறது. கல்லூரி வேலை, ஆய்வு என்று எண்ணுபவருக்கு இது போதும். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூலை ஆராயக் கணக்குத் தெரிந்த தமிழ் மாணவர்தான் தேவை. ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியர் ஆக நினைத்தால் இந்த வழி முட்டுச்சந்து. ஆசிரியர் தேர்வு வாரியம் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் கேட்கும். அந்த எண்ணம் இருப்பவர் பி.எஸ்ஸி. முதலாண்டிலேயே தொலைநிலையில் பி.ஏ. தமிழையும் தொடங்கிவிட வேண்டும்.